எழுத்து நேராக வந்த நாட்கள்

ஜூன் 10, செவ்வாய்

என் பெயர் கொம்பையா. வயது அறுபத்தொன்பது. இந்த இரண்டு வரியை எழுதக் கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் எழுதிவிட்டேன். யாரிடமும் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

போன வருடம் தை மாதம் வரை நான் கைநாட்டு. இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. ஜெயசுதா டீச்சர் சொல்லித் தருகிறார். பஸ் போர்டு வாசிக்கிறேன். தீப்பெட்டி வாசிக்கிறேன். உரச் சாக்கை விரித்துப் போட்டு முழுவதும் வாசித்துவிட்டேன். எழுதுவதற்குத்தான் இதுவரை ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது. இன்று கிடைத்தது.

இடது கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பீடி குடிச்சுக் குடிச்சு ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு. நிறுத்தினா காலைக் காப்பாத்திடலாம். நிறுத்தலைன்னா முதல்ல விரல், அடுத்தது பாதம். ஆறு வாரம் பார்ப்போம்."

பிறகு வேறு அறைக்கு அனுப்பினார்கள். வாசலில் 'புகையிலை நிறுத்த ஆலோசனை' என்று எழுதியிருந்தது. நானே வாசித்தேன். உள்ளே செல்வின் என்று ஒரு தம்பி. ஒரு குழாயில் ஊதச் சொன்னான். இருபத்தொன்று என்று நம்பர் வந்தது. நல்ல நம்பர் என்று நினைத்தேன். இல்லையாம். பீடிப் புகையின் விஷம் மூச்சில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மிஷினாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டுமாம்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இதில் எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன. முதல் வாரம் மாத்திரையும் போட வேண்டுமாம், பீடியும் குடிக்கலாமாம். எட்டாவது நாள்தான் நிறுத்த வேண்டுமாம். எந்த ஆஸ்பத்திரியிலாவது பீடி குடி என்று சொல்வார்களா? பெட்டியில் உள்ளதெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. நான் தமிழ் படித்த பிறகு இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறார்கள்.

பெரிய சந்தேகம் இதுதான். என்னை எடை பார்க்க அனுப்பிவிட்டு டாக்டரம்மா என் மனைவி ஆவுடையிடம் தனியாகப் பேசினார். கதவு சாத்தியிருந்தது. என்ன பேசினீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். "ஒண்ணுமில்ல, சாப்பாட்டு விசயம்" என்றாள். சாப்பாட்டு விஷயத்துக்குக் கதவை ஏன் சாத்த வேண்டும்?

இந்த நோட்டு செல்வின் தந்தது. தினமும் எத்தனை பீடி, மனது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும்.

பீடி: 22. மனது: சந்தேகம்.


ஜூன் 11, புதன்

முதல் மாத்திரை. வெள்ளை. நான் விழுங்கியதும் ஆவுடை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆறும் வரை பார்த்தாள்.

பீடி: 20.


ஜூன் 14, சனி

ஆவுடையைப் பற்றி எழுத வேண்டும். அவள் பதினைந்து வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள். தினமும் கம்பெனிக்கு அறுநூறு, அதற்கு மேல் எனக்கு ஒரு கட்டு, இருபத்தைந்து. நாற்பத்துநாலு வருடமாக அவள் கைப் பீடியைத்தான் குடிக்கிறேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலத்திலும் கடைப் பீடி தொட்டதில்லை. பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மூன்று ஆடு.

நேற்றிலிருந்து பீடி ருசி கெட்டுவிட்டது. சாக்கு எரிந்த மாதிரி இருக்கிறது. விசாரித்தேன்.

"ஏட்டி, தூள மாத்திட்டியா?"

"கம்பெனித் தூளத்தான் வச்சேன்."

"வேப்பங்கொழுந்து கலந்திருக்கே நீ. எனக்குத் தெரியும்."

"ஆமா, கூட ரெண்டு குண்டுமணி தங்கமும் போட்டிருக்கேன். நல்லா இழுங்க."

இவள் நக்கலாகப் பேசினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். டீக்கடைக்குப் போய் ஒரு கடைப் பீடி வாங்கிப் பற்ற வைத்தேன். அதிலும் அதே சாக்கு ருசி. ஆகவே ஒன்று, இது மாத்திரையின் வேலை. அல்லது ஆவுடை டீக்கடைக்காரனிடமும் பேசி வைத்திருக்கிறாள். நான் முகத்தைச் சுளித்தபோது அவன் சிரித்ததைக் குறித்துவைக்கிறேன்.

பீடி: 13. பாதியில் எறிந்தது 6.


ஜூன் 16, திங்கள்

விடியற்காலையில் ஒரு கனவு. மார்க்கெட்டில் நான் வாழ்நாளெல்லாம் தூக்கிய மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்து பீடி குடித்தன. ஒன்றுகூட எனக்குத் தரவில்லை. இவ்வளவு தெளிவாக நான் கனவு கண்டதில்லை. மாத்திரையில் கனவு வரும் என்று செல்வின் சொல்லியிருந்தான். இந்த மாதிரிக் கனவு என்று சொல்லவில்லை.

ஆவுடை கொல்லையில் நின்று போனில் பேசினாள். மெதுவாகப் பேசினாள். எனக்குக் காலில்தான் கோளாறு, காதில் இல்லை.

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்காவ... கோவமா? கோவம் எப்பவும் உள்ளதுதான... அழலம்மா, அழுகல்லாம் இல்ல. சரிம்மா, பாத்துக்கிடுதேன்."

யாரம்மா? எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள்?


ஜூன் 17, செவ்வாய்

நாளை நிறுத்த வேண்டும். இன்று எனக்காகச் சுற்றிய கட்டைக் காணவில்லை என்று ஆவுடை தேடினாள். எங்காவது வைத்துவிட்டு மறந்திருப்பாள் என்றேன். அவளுடைய எண்ணிக்கை இதுவரை தவறியதில்லை. வயதாகிறது.

பீடி: 9.


ஜூன் 18, புதன்

இன்று முதல் பீடி கிடையாது. தீப்பெட்டியை எல்லாம் ஆவுடை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். ஒன்று தவிர.

மாத்திரை இன்றிலிருந்து நீலம். நிறத்தை ஏன் மாற்றுகிறார்கள்?

மத்தியானம் ஆட்டுக் கொட்டகைக் கூரை ஒழுகுமோ என்று பார்க்கப் போனேன். மழைக்காலம் வருவதற்குள் பார்த்து வைப்பது நல்லது. கூரை நன்றாக இருக்கிறது.

பீடி: இல்லை.


ஜூன் 19, வியாழன்

கை நடுங்குகிறது. இந்த வரியை மூன்றாம் தடவை எழுதுகிறேன். இல்லை.


ஜூன் 20, வெள்ளி

வாந்தி. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டேன். ஆவுடையைத் திட்டினேன். ஆட்டைத் திட்டினேன். இல்லை.


ஜூன் 21, சனி

இல்லை. எழுத்து கொசு மாதிரிப் பறக்கிறது.

முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்தேன். நோட்டைத் திறந்தபோது நேற்று எழுதிய பக்கத்தில் புகையிலைத் தூள் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. என் கையில் தூள் கிடையாது. இந்த வீட்டில் விரலில் தூள் இருப்பது ஒருத்திக்குத்தான். ஆனால் ஆவுடைக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூட வகுப்புக்குக் கூப்பிட்டபோதுகூட "ரெண்டு பேரும் படிக்கப் போயிட்டா அறுநூறு பீடிய யாரு சுத்துவா, ஆடா?" என்று சொல்லிவிட்டாள். வாசிக்கத் தெரியாதவள் நோட்டை எதற்குத் திறக்கிறாள்?


ஜூன் 22, ஞாயிறு

ஆட்டுக் கொட்டகைக் கூரையை இன்றும் பார்த்தேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. ஓலை ஒரு பக்கம் நெகிழ்ந்திருக்கிறது.

இன்று என் எழுத்து அழகாக வந்திருக்கிறது. இதை எழுதிவிட்டுத் தள்ளிவைத்துப் பார்த்தேன். 'ழ' எழுத்தின் வால் எவ்வளவு ஒழுங்காகச் சுழிந்திருக்கிறது! இது என் கைதானா என்று எனக்கே ஆச்சரியம். படிப்பு என்பது ஒரு நாள் திடீரென்று கைக்குள் இறங்கிவிடும் என்று டீச்சர் சொன்னார். இன்று இறங்கியிருக்கிறது.

பீடி: இல்லை.


ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஊதினேன். பன்னிரண்டு.

செல்வின் மிஷினைத் தட்டிப் பார்த்தான். "தாத்தா, ஆறு நாளா ஒண்ணுகூடப் பிடிக்கலையா?"

"நோட்டப் பாரு தம்பி."

"நோட்டுல இல்லைன்னுதான் இருக்கு. மிஷின்ல இருக்கே."

"மிஷினுக்கு என்ன தெரியும்? வீடு பூரா பீடித் தூளு. இவ விடிஞ்சதுலேருந்து சுத்துதா. அத நான் மூச்சா இழுக்கேன். அதுதான் காட்டுது."

"தாத்தா, தூளு இந்த மிஷின்ல..." என்று அவன் ஆரம்பித்தான். ஆவுடை குறுக்கே விழுந்து, "அப்படியும் இருக்கும் தம்பி. வீட்டுல வாட ஜாஸ்திதான்" என்றாள்.

எனக்கு ஆதரவாக இவள் பேசி நான் கேட்டதில்லை. சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

டாக்டரம்மா விரலைப் பார்த்தார். கறுப்பு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். ஜூலை இருபத்திரண்டாம் தேதி முடிவு சொல்வாராம். "அன்னைக்கும் இந்த மிஷின் இப்படிக் காட்டினா, விரலோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாதுய்யா" என்றார்.

பஸ்ஸில் ஆவுடை என் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.


ஜூன் 26, வியாழன்

இல்லை.

காலையில் ஆவுடை இலை, தூள், நூல், கத்தரி எல்லாவற்றையும் பீடி சுற்றும் மூங்கில் சொளகில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?"

"வெளிய."

"வெளியன்னா?"

"வீட்டுக்கு வெளிய."

நாலு மணிக்குத்தான் வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.


ஜூன் 28, சனி

மூன்றாவது நாளாகப் போகிறாள். எனக்குத் தோன்றும் காரணங்களை எழுதி வைக்கிறேன். வேறு கம்பெனிக்காரன் யாரோ கூப்பிட்டிருக்கலாம். ஊரெல்லாம் உட்கார்ந்து என்னைப் பற்றிக் கதை சொல்லலாம். பிள்ளைகளுக்குப் போன் போட்டு என்னைத் திருப்பூருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். அந்த 'அம்மா'வும் கூட்டாக இருக்கலாம்.

இன்று அவள் சோறு போடும்போது கையில் மீன் குழம்பு மணத்தது. நம் வீட்டில் மீன் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. மாங்காயும் கொஞ்சம் வெந்தயமும் போட்ட குழம்பு. அந்த மணம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.


ஜூன் 29, ஞாயிறு

தூள் வாடையே இல்லாத வீடு. ஆவுடை போய்விட்டாள். கொட்டகைக் கூரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் வகுப்பில் டீச்சர் என் பக்கத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்க, கொம்பையா அய்யா எழுத்த. அச்சடிச்ச மாதிரி." எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் காட்டினேன். அவள் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். படிக்காதவளுக்குப் பொறாமை.

பீடி: இல்லை.


ஜூலை 2, புதன்

விரல் வலி தாங்கவில்லை. நீர் கசிகிறது. ஆவுடை வெந்நீர் வைத்துத் துடைத்தாள்.

நாளை அவள் பின்னால் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கூரை பார்த்தேன். எழுத்து சுத்தமாக இருக்கிறது.


ஜூலை 3, வியாழன்

இன்று நடந்ததை எழுதப் பல பக்கம் ஆகும். ஆனாலும் எழுதுகிறேன்.

ஆவுடை போய்க் கொஞ்ச நேரம் கழித்துக் கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வீடு நின்று நின்று போனேன். ரேஷன் கடை தாண்டி, அம்மன் கோயில் பக்கத்துச் சந்தில் திரும்பினாள். அந்தச் சந்துக்குள் நான் கால் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. அங்கேதான் என் தங்கச்சி தங்கக்கனியின் வீடு. அவள் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரைப் போடவில்லை. டீக்கடையில் ஒருவன் வாசித்துச் சொன்னான். அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணத்துக்கும் நான் போகவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிய இடத்தில் இரண்டு பேரும் சொளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன்.

தங்கக்கனி சொன்னாள்: "இந்த வெயில்ல தினமும் சொளகத் தூக்கிட்டு வரணுமா மைனி? தூள் வாடையாலதான் மிஷின் நம்பர் காட்டுதுன்னு அண்ணன் சொன்னா நீயும் நம்பிருவியாக்கும்?"

"நானா? அந்தத் தம்பி மறுநாளே போன்ல சொல்லிட்டான். தூளுக்கும் அந்த மிஷினுக்கும் சம்பந்தமே கிடையாதாம். புகை உள்ள போனாத்தான் காட்டுமாம்."

"பெறவு எதுக்கு இந்த அலைச்சல்?"

"வீட்டுல தூள் இருக்கிற வரைக்கும் அவியளுக்குச் சொல்ல ஒரு சாக்கு இருக்கும்லா. அத எடுத்துட்டேன். இனி எதச் சொல்லுதாவன்னு பாப்போம்."

"ஒளிச்சு வச்சுக் குடிக்காவன்னு உறுதியாத் தெரியுமா? கண்ணால கண்டியா?"

"காங்கல. நோட்டப் பாத்தேன்."

"உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே மைனி!"

"வாசிக்கது எதுக்கு? நாலு கட்டப் பாத்தா எவ சுத்துனது, அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சலா, வீட்டுல சண்டையான்னு சொல்லிருவேன்லா. எழுத்தும் அதே மாதிரித்தான். குடிக்காத அன்னைக்குக் கை நடுங்குது. வரி மேட்டுல ஏறுது, பள்ளத்துல இறங்குது. குடிச்ச அன்னைக்குப் பாரு, கம்பெனிக்கு அடுக்குன கட்டு மாதிரி நேரா நிக்கும். ஞாயித்துக்கிழமை எழுத்தக் கொண்டாந்து காட்டுனாவ. டீச்சர் மெச்சுனாவளாம். பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உள்ள போயிட்டேன்."

நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்ட்ட சொல்லலியா?"

"போன்ல நர்சம்மாட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த மாத்திரையில சிலருக்கு மனசு வாடும், கோவம் வரும், சந்தேகம் வரும், குணம் மாறுனா உடனே சொல்லுன்னு டாக்டரம்மா முதல் நாளே கதவச் சாத்தி வச்சுச் சொன்னாவ. நான் கேட்டேன், சந்தேகம் அவியளுக்குக் கல்யாணத்தன்னைக்கே உண்டும்மா, மாத்திரைச் சந்தேகம் எது, சொந்தச் சந்தேகம் எதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தங்கக்கனி கேட்டாள்: "கால் போயிட்டுன்னா என்ன செய்வ மைனி?"

"போனா நான் தூக்கிட்டுத் திரியுதேன். அதுக்கு என்ன? ஆனா சாயங்காலம் நோட்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, தலைய வாரிக்கிட்டு, சின்னப் பிள்ள கணக்கா அவிய பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாவ பாரு, வாசல்ல நின்னு பாப்பேன். அது எனக்கு வேணும்."

எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

ஆவுடை திரும்பினாள். தங்கக்கனி எழுந்து, சேலையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, நேற்றுத்தான் பார்த்த மாதிரி, "வாங்கண்ணே. எவ்வளவு நேரமா வெயில்ல நிக்கிய? உள்ள வாங்க, சோறு போடுதேன்" என்றாள்.

மீன் குழம்பு. மாங்காய், வெந்தயம். எங்கள் அம்மா கைப்பக்குவம். அந்த மணத்தை நான் எப்படி மறந்தேன்?

சாப்பிட்டதும் தங்கக்கனி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இப்பத்தான் படிச்சிட்டியளே. நீங்களே வாசிங்க."

விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன். கீழே வலது பக்கத்தில், 'தாய்மாமன்: கொம்பையா' என்று இருந்தது. மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் இருந்தது.

எழுத்து ரொம்பப் பொடி. அந்தக் காலத்தில் என்னிடம் கண்ணாடியும் கிடையாது. இதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள், "ஆமாண்ணே, பொடிதான்" என்றாள்.


ஜூலை 4, வெள்ளி

உண்மையை எழுதுகிறேன். ஆட்டுக் கொட்டகைக் கூரையில் ஒழுகல் எதுவும் இல்லை. கூரை ஓலைக்குள் பிளாஸ்டிக் பையில் ஒரு கட்டுப் பீடியும் ஒரு தீப்பெட்டியும் வைத்திருந்தேன். பதினேழாம் தேதி காணாமல் போன கட்டு அதுதான். 'கூரை பார்த்தேன்' என்று எழுதிய நாளெல்லாம் குடித்தேன். 'எழுத்து அழகாக வந்தது' என்று எழுதிய நாளெல்லாம் குடித்தேன். ருசியே இல்லை. ருசி இல்லாமலும் குடித்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

பையைக் கொண்டுபோய் ஆவுடையின் கையில் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, நுனியில் இலை மடக்கிய விதத்தைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு என் கை இல்லையே. கடைப் பீடில்லா இது?"

அதையும் ஒத்துக்கொண்டேன். ருசி பார்க்கப் போன அன்று டீக்கடையில் வாங்கியது ஒன்றல்ல, மூன்று; இரண்டைப் பத்திரப்படுத்தியிருந்தேன்.

"வேற எங்கயும் கூரை இருக்கா?"

"இல்ல."

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன். அவள் எல்லாப் பீடியையும் பிய்த்து, கழுநீரில் போட்டுக் கலக்கி, சாக்கடையில் ஊற்றினாள். தன் கையால் சுற்றியதை அவள் பிய்த்து நான் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.


ஜூலை 5, சனி

இல்லை. உண்மை.


ஜூலை 6, ஞாயிறு

இல்லை. வகுப்பில் டீச்சர் என் நோட்டைப் பார்த்து, "என்னய்யா ஆச்சு, போன வாரம் எவ்வளவு அழகா எழுதினீங்க!" என்று வருத்தப்பட்டார். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை.

டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றி வந்தேன். அங்கே ஒருவன் பற்ற வைத்த வாசனை இரண்டு தெரு தாண்டித் துரத்தியது. என்னைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். வேறு யார் மேலும் சந்தேகப்பட இப்போது நேரமில்லை.


ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஊதினேன். நாலு.

செல்வினிடம் கூரைக் கதையையும், ஆவுடை எழுத்தை வைத்தே பிடித்ததையும் சொன்னேன். கோபப்படுவான் என்று பார்த்தால், "வழியில வழுக்குறது உள்ளதுதான் தாத்தா. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க. மூணு மாசம் முடியணும்" என்றான். பிறகு ஆவுடையைப் பார்த்து, "பாட்டி, உங்களுக்கு இங்க ஒரு வேல போட்டுத் தரலாம் போல. மிஷினே வேண்டாம்" என்றான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மிஷின் சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று கேட்டேன். நாலு என்பதை நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை ஊதினேன். நாலுதான்.


ஜூலை 12, சனி

இல்லை. ஆவுடை இன்னும் தங்கக்கனி வீட்டில்தான் சுற்றுகிறாள். வீட்டுக்குள் தூள் வந்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும் என்கிறாள். நாலு மணிக்கு நான் சந்து முனை வரை போய் நிற்பேன். சொளகை என்னிடம் தர மாட்டாள். வெறும் கத்தரியை மட்டும் தருகிறாள்.


ஜூலை 16, புதன்

கனவில் ஒரு பீடியை முழுவதும் குடித்துவிட்டேன். விழித்ததும் அழுகை வந்தது. உண்மையிலேயே குடித்துவிட்டேனோ என்று கொட்டகைக்குப் போய்க் கூரையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆவுடையை எழுப்பி, கையை மோந்து பார் என்றேன். மோந்து பார்த்தாள். "ஆட்டு நாத்தம்தான் வருது. படுங்க" என்றாள்.

அழுததை நர்சம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை என் முன்னால் நின்றே பேசினாள்.


ஜூலை 19, சனி

இல்லை. பயம்.


ஜூலை 22, செவ்வாய்

ஊதினேன். இரண்டு.

செல்வின் கை கொடுத்தான். டாக்டரம்மா ரொம்ப நேரம் காலைப் பார்த்தார். பாதத்தில் அங்கங்கே விரல் வைத்து நாடி பார்த்தார். நானும் ஆவுடையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுண்டுவிரல் செத்துப்போச்சு. அதை எடுத்தாகணும். அது முன்னாடியே போனது. ஆனா பாதத்துல ரத்த ஓட்டம் பரவாயில்ல, பக்கத்து விரல் நல்ல நிறத்துக்கு வந்துருக்கு. இதோட நிக்கும்னு நினைக்கிறேன். பீடி மட்டும் திரும்ப வரக் கூடாது."

ஆவுடை, "நடப்பாவளா?" என்று கேட்டாள்.

"நடப்பார்."

"பள்ளிக்கூடம் வரைக்கும்?"

"அதுக்கு மேலயும் நடப்பார்."

நாளைக்கே எடுத்துவிடுவார்களாம். நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கூடவே மை டப்பாவை நீட்டி, என் கட்டை விரலைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். பேனா வேண்டும் என்று கேட்டேன்.

தாளை முழுவதும் வாசித்தேன். அரை மணி நேரம் ஆனது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. 'இடது' என்று இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. 'ஐந்தாவது விரல்' என்று இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒரு விரல்தானா, 'விரல்கள்' என்று எங்காவது போட்டிருக்கிறார்களா என்று மறுபடியும் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். நர்ஸ், "தாத்தா, எங்க மேல நம்பிக்கையில்லையா?" என்றாள்.

"அவியளுக்கு மாத்திரைக்கு முன்னாடியே அப்படித்தாம்மா" என்றாள் ஆவுடை.

கையெழுத்துப் போட்டேன். காலையிலிருந்து ஒரு பீடிக்காக உடம்பெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. நாளைய கத்தியை நினைத்துப் பயமும் சேர்ந்துகொண்டது. கை நடுங்கியது. 'கொ' கோட்டுக்கு மேலே போய்விட்டது. 'ம்' கீழே விழுந்தது. 'பையா' தாளின் ஓரத்தைத் தாண்டப் பார்த்தது.

நர்ஸ் பார்த்துவிட்டு, "கோணலா இருக்கே தாத்தா. வேற தாள் தரட்டுமா, நிதானமா இன்னொரு தடவை போடுறீங்களா?" என்றாள்.

ஆவுடை தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, என் பெயரை ரொம்ப நேரம் பார்த்தாள். புகையிலை படிந்த விரலால் ஒரு தடவை தடவிக் கொடுத்தாள்.

"இருக்கட்டும்மா. இதுதான் நல்ல எழுத்து."

பீடி: இல்லை.